நாவலும் வாசகரின் சலிப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

கூஃபா நகரில் ஆசானாக விளங்கிய நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வியாழக்கிழமைதோறும் மக்களுக்கு உபதேசம் செய்து வந்தார்கள். ஒரு மனிதர் எழுந்து, தாங்கள் நாள்தோறும் எங்களுக்கு உபதேசிக்கலாகாதா என்று கேட்டார். உங்களைச் சலிப்படையச் செய்துவிடுவேனோ என்னும் அச்சமே என்னைத் தடுக்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்களும் எங்களுக்குச் சலிப்பு ஏற்படலாகாதே என்று காலம் பார்த்தே உபதேசித்து வந்தார்கள் என்னும் கருத்துப்பட அவர்கள் விடையிறுத்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் கல்வி பற்றிய பகுதியில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

கேட்போரின் சலிப்பைச் சொல்வோன் தன் பொறுப்பாகக் கொள்ள வேண்டும் என்னும் இந்த உணர்வு, அரபு உரைநடையின் தொடக்க காலத்திலேயே ஓர் இலக்கியக் கொள்கையாகவும் மலர்ந்தது. ஹிஜ்ரி 255இல் மறைந்த பஸராவின் பேரறிஞர் அல்ஜாஹிள், தம்முடைய ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் பெருநூலில், படிப்பவர் களைத்துவிடாதிருக்கவே தாம் கனமான செய்தியையும் நகைச்சுவையையும் கலந்து தருவதாகவும், ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதாகவும் வெளிப்படையாகவே கூறுகிறார். ஏறத்தாழ ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, நூலை மூடிவைக்கும் வாசகரை மனத்திற்கொண்டு ஒருவர் எழுதியிருக்கிறார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இத்தகைய மரபுக்கு உரிய சமூகங்கள் 19ஆம் நூற்றாண்டில் நாவல் என்னும் புதிய வடிவத்தைக் கைக்கொண்டபோது நேர்ந்தது என்ன? உர்தூ, அரபு, துருக்கி, தமிழ் ஆகிய மொழிகளின் தொடக்ககால நாவல்களைப் படிக்க முனையும் இன்றைய வாசகர் பலர், ஐம்பது பக்கங்களைத் தாண்டுவதற்குள் அவற்றைக் கீழே வைத்துவிடுகின்றனர். நாமும் அவ்வாறு வைத்ததுண்டு. பின்னர் அவற்றை வரலாற்று நோக்கோடு மீண்டும் எடுத்துப் படித்தபோது நமக்குப் புலப்பட்ட உண்மை ஒன்றை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகிறோம். வாசகரை விரட்டும் எழுத்துப் பழக்கங்களுள் பெரும்பாலானவை ஆசிரியர்களின் திறமைக் குறைவால் விளைந்தவையல்ல. அவை ஒரு காலத்தில் அவையிலே கேட்போரைக் கட்டி நிறுத்திய கலைகள். அவை கலைந்து, மனிதர் தனியறையில் தனித்திருந்து படிக்கத் தொடங்கிய பின்னும் அக்கலைகள் விடாது தொடர்ந்தமையே குறையாயிற்று.

அவையின் இலக்கணம்

எட்வர்ட் லேன் என்னும் ஆங்கில அறிஞர் கெய்ரோவில் பல்லாண்டு தங்கி, அந்நகர மக்களின் வாழ்க்கை முறைகளை 1836இல் நூலாக்கினார். அக்காலத்தில் அபூஸைதின் கதையைப் பாடும் கலைஞர்கள் ஏறக்குறைய ஐம்பதின்மரும், ஸுல்தான் பைபர்ஸின் கதையைச் சொல்வோர் முப்பதின்மரும், அன்தராவின் கதையைப் படித்துச் சொல்வோர் அறுவரும் கெய்ரோவில் இருந்தனர் என அவர் கணக்குத் தருகிறார். காப்பிக் கடைகளின் முன்புறத் திண்ணையே அவர்களின் அரங்கு. டில்லியிலும் லக்னோவிலும் ‘தாஸ்தான்’ சொல்லும் கலைஞர்கள் அமீர் ஹம்ஸாவின் வீரதீரங்களை இரவிரவாக விரித்துரைத்தனர். அவ்வாய்மொழிக் கதை பின்னாளில் லக்னோவின் நவல்கிஷோர் அச்சகத்தால் 46 பெருந்தொகுதிகளாக வெளிவந்தது என்றால், அதன் பரப்பை ஊகித்துக்கொள்ளலாம். டில்லியின் கடைசிப் பெரும் தாஸ்தான் கலைஞர் எனப் போற்றப்படும் மீர் பாகிர் அலீ 1928இல் மறைந்தார்.

தமிழ் முஸ்லிம்களிடையேயும் இத்தகைய அவை மரபு செழித்திருந்தது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் 5027 பாடல்களைக் கொண்டது. அதனை ஒருவர் இசையோடு ஓத, மற்றொருவர் பொருள் விரிக்க, ஊரார் கூடியிருந்து கேட்பது வழக்கம். படைப்போர், கிஸ்ஸா, நாமா, மசலா ஆகிய வகைகள் யாவும் கேள்வி இலக்கியங்களே.

அவைக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. இடையில் வந்து அமர்பவருக்காகச் சொன்னதைத் திரும்பச் சொல்ல வேண்டும். தொலைவில் இருப்பவரின் செவியையும் ஈர்க்க ஓசைநயம் வேண்டும். கேட்போரின் முகக்குறிப்பைக் கண்டு கதையை நீட்டவோ நிறுத்தவோ வேண்டும்; நடுவே ஓர் அறிவுரையோ ஒரு பகடியோ சொல்லி அவர்களோடு உறவாட வேண்டும். முடிவை விரைந்து கூறிவிட்டால் மறுநாள் அவை கூடாது. ஆதலின் தாமதமும் ஒரு கலை.

கேட்போரின் நிலையையும் இங்கே மறத்தலாகாது. அவையில் அமர்ந்தவர் நினைத்தவுடன் எழுந்து போய்விட முடியாது. பெரியவர்கள் அமர்ந்திருப்பர். அடுத்த பாத்திரம் காப்பி வந்துகொண்டிருக்கும். மார்க்கக் கதையாயின் எழுந்து போவது மரியாதைக் குறைவு. கதை சற்றே தொய்ந்தாலும் அவையின் கூட்டுறவே அவரை இருத்தி வைக்கும். கதை சொல்பவருக்கு மற்றொரு வசதியும் இருந்தது; எதிரே ஒருவர் கொட்டாவி விடுவதைத் தம் கண்ணால் காண்பார், உடனே திருத்திக்கொள்வார்.

அச்சு இவ்விரண்டையும் மாற்றியது. படிப்பவருக்குத் தடையின்றி எழுந்து போகும் உரிமை கிடைத்தது. எழுதுபவருக்கோ, அவர் எழுந்து போவதைக் காணும் கண் இல்லாது போயிற்று.

உபதேசமும் வறுத்த கடலையும்

உர்தூ நாவலின் தந்தை எனப்படும் டில்லி நஸீர் அஹ்மத், ‘மிர்ஆத்துல் அரூஸ்’ (மணமகளின் கண்ணாடி) என்னும் கதையைத் தம் மகளிர் படிப்பதற்கென எழுதத் தொடங்கினார். 1869இல் அச்சேறிய அந்நூலில் அக்பரீ, அஸ்கரீ என இரு சகோதரிகள். மூத்தவள் பிடிவாதக்காரி, குடும்பம் நடத்தத் தெரியாதவள்; இளையவள் கல்வியும் பொறுமையும் சிக்கனமும் நிறைந்தவள். அக்பரீ ஏமாறுவதையும் வீட்டாரோடு பூசலிடுவதையும் படிக்கையில் டில்லியின் சந்துகளும் முற்றங்களும் நம் கண்முன் விரிகின்றன. அஸ்கரீ பேசத் தொடங்கியதும் கதை வகுப்பறையாகி விடுகிறது. அவள் தவறே செய்வதில்லை. ஆகவே அடுத்து அவளுக்கு என்ன நேருமோ என்று நாம் அஞ்சுவதற்கு எதுவுமில்லை.

ஐந்தாண்டுகள் கழித்து வந்த ‘தௌபத்துன் நஸூஹ்’ இதனினும் வலிமை வாய்ந்தது. வாந்திபேதியால் படுத்த நஸூஹ் என்பவர் மறுமை விசாரணையைக் கனவிற் கண்டு மனந்திருந்துகிறார். குடும்பத்தாரையும் திருத்த முற்படுகிறார். மூத்த மகன் கலீம் கவிதைப் பித்துடையவன், பணிய மறுக்கிறான். அவனுடைய நூல்களைத் தந்தை தீயிலிடுகிறார். வீட்டை விட்டு வெளியேறும் கலீம், செல்வந்தன் போல் நடித்து வந்த நண்பன் ஒருவனிடம் அடைக்கலம் புகுகிறான். அந்த நண்பனோ அவனைப் பாழடைந்த ஒரு பள்ளிவாசலில் தங்கவைத்து, இரவு உணவாக வறுத்த கடலையைக் கொடுத்து, அந்தக் கடலையின் பெருமையை வானளாவப் புகழ்கிறான்.

அந்நாவலைப் படித்தவர்கள் மறவாதது இந்தக் கடலையையே. நஸூஹின் நீண்ட அறிவுரைகளோ நினைவில் நிற்பதில்லை. ஆசிரியர் எவனைக் கண்டித்துக் காட்ட எண்ணினாரோ அவனே உயிர்பெற்று எழுந்தான். எவரைப் பின்பற்றச் சொன்னாரோ அவர் பேசும் பக்கங்கள் விரைந்து புரட்டப்படுகின்றன. கலீமைச் சித்திரிக்கும்போது நஸீர் அஹ்மத் வாசகரை நம்பி, நிகழ்ச்சியைக் காட்டிவிட்டு விலகி நிற்கிறார். நஸூஹைச் சித்திரிக்கும்போதோ வாசகர் தவறாகப் புரிந்துகொள்வாரோ என்று அஞ்சி, தாமே விளக்கம் சொல்ல முன்வருகிறார். உபதேசம் நாவலுக்கு ஆகாது என்று இதனால் முடிவு கட்டுதல் பிழை. கடலை விற்கும் விலையில் நட்பை விற்ற அந்த இரவு எந்த உபதேசத்துக்கும் குறைந்ததன்று. ஆயினும் அது நிகழ்கிறது. பிறர் வாயால் சொல்லப்படுவதில்லை.

ஓசையும் குறுக்கீடும்

எகிப்தில் முஹம்மத் அல்முவைலிஹீ 1898 முதல் ‘மிஸ்பாஹுஷ் ஷர்க்’ இதழில் தொடராக எழுதி, 1907இல் நூலாக்கிய ‘ஹதீஸ் ஈஸா இப்னு ஹிஷாம்’ வேறொரு சிக்கலை நமக்குக் காட்டுகிறது. முஹம்மத் அலீ காலத்துப் பாஷா ஒருவர் கல்லறையிலிருந்து எழுந்து, ஆங்கிலேயர் ஆதிக்கத்திலுள்ள கெய்ரோவைக் காண்கிறார். கழுதைக்காரனோடு நேர்ந்த ஒரு சச்சரவால் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றங்களுக்கும் அலைகிறார். வேகமும் எள்ளலும் மிக்க கதைக்கரு! எனினும், பத்தாம் நூற்றாண்டில் அல்ஹமதானீ படைத்த மகாமா மரபின் கதைசொல்லியான ஈஸா இப்னு ஹிஷாமையே தம் கதைசொல்லியாகக் கடன்பெற்ற முவைலிஹீ, அம்மரபின் ‘ஸஜ்உ’ என்னும் எதுகை உரைநடையையும் கூடவே கடன்பெற்றார். பல பகுதிகள் அந்த அடுக்குமொழியோடு தொடங்குகின்றன. பின்னர் பாத்திரங்கள் வாய் திறந்தவுடன் நடை இறங்கி வந்து, நீரோட்டமாகிறது.

ஹரீரீயின் ஐம்பது மகாமாக்களும் கற்றோர் அவையில் உரக்கப் படித்து வியப்பதற்கென இயற்றப்பட்டவை; சொல்லாட்சியே அங்குக் கதை. நாவலில் வாசகர் சொல்லின் வழியாக மனிதரைக் காண விரும்புகிறார். கண்ணாடிப் பலகணியில் வண்ணம் தீட்டினால் வண்ணம் அழகாகவே இருக்கும். வெளியே நடப்பது தெரியாது.

துருக்கியின் அஹ்மத் மித்ஹத் எஃபெந்தி (1844–1912) இதற்கு நேர்மாறானவர். எளிய நடையில் எழுதிக் குவித்தவர். மக்களுக்கு ‘முதல் ஆசான்’ என்னும் பட்டப்பெயர் பெற்றவர். 1875இல் வந்த ‘ஃபெலாத்தூன் பேயும் ராகிம் எஃபெந்தியும்’ போன்ற கதைகளில் அவர் இடையிடையே நின்று, வாசகரே என்று விளித்து, அவர் கேட்கக்கூடும் வினாவைத் தாமே எழுப்பி, தாமே விடையும் கூறுவார். இது இஸ்தான்புல் காப்பிக் கடைகளில் கதை சொன்ன ‘மெத்தாஹ்’ கலைஞரின் குரலன்றி வேறில்லை. அவர் காலத்து வாசகர் அக்குரலைப் பெரிதும் விரும்பினர். ஏனெனில் அவர்களும் அவையிலிருந்து அப்போதுதான் எழுந்து வந்தவர்கள். அடுத்த தலைமுறைக்கோ அதே குரல் தோளைத் தட்டிக்கொண்டே இருக்கும் உடன்பயணியின் தொல்லையாயிற்று.

அத்தலைமுறையைச் சேர்ந்த ஹாலித் ஸியா, 1900இல் முடிவுற்ற ‘அஷ்கெ மம்நூ’ நாவலில் ஆசிரியர் குரலைப் பெரும்பாலும் மறைத்துக்கொண்டார். ஆனால் அவரும் வேறொரு வலையில் வீழ்ந்தார். பாரசீக, அரபுத் தொடர்கள் அடர்ந்த அவருடைய மொழி ஒரு தலைமுறைக்குள் எட்டாததாயிற்று. தம் புகழ்பெற்ற நாவல்களின் நடையைப் பிற்காலத்தில் அவரே எளிமைப்படுத்தி மீண்டும் வெளியிட நேர்ந்தது. தாம் எழுதிய அலங்காரத்தைத் தம் கையாலேயே களைந்த அந்த முதியவரின் துணிவு போற்றத்தக்கது.

தகவலும் வர்ணனையும் நீளமும்

1892இல் ‘அல்ஹிலால்’ இதழைத் தொடங்கிய ஜுர்ஜீ ஸைதான், இஸ்லாமிய வரலாற்றின் பல்வேறு கட்டங்களை இருபதுக்கும் மேற்பட்ட நாவல்களாக எழுதினார். லெபனானியக் கிறிஸ்தவராகிய அவரது நோக்கம், பொதுமக்களுக்கு வரலாற்றைக் கதைவழியே கற்பிப்பது. வரலாறே தலைமை, கதை அதற்குத் துணை என்பது அவர் கொள்கை. விளைவு யாது? ஒவ்வொரு நாவலிலும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்த காதலர் இருவர் பிரிவதும் கூடுவதுமாக இருப்பர். அரண்மனை, ஆடை, ஆட்சிமுறை பற்றிய செய்திகள் கதையை நிறுத்திவைத்துவிட்டு வரும். செய்தியைத் தேடி வந்தவருக்குக் கதை இடையூறு. கதையைத் தேடி வந்தவருக்குச் செய்தி இடையூறு.

முஹம்மத் ஹுஸைன் ஹைகல் பாரிஸில் மாணவராயிருந்தபோது தாயகத்தை எண்ணி எழுதிய ‘ஸைனப்’, 1913இல் ‘எகிப்திய உழவர்’ என்னும் புனைபெயரில் வெளியாயிற்று. நாவல் எழுதுவது கண்ணியக் குறைவோ என்று வழக்குரைஞரான அவர் தயங்கிய காலம் அது. பருத்தி வயல்களும் விடியலும் நிலவும் பக்கம் பக்கமாக வருகின்றன. ஏக்கம் கொண்ட மனத்துக்கு அவ்வயல்களை விட்டு அகல மனமில்லை. ஆனால் ஸைனபின் துயரத்தை அறியக் காத்திருக்கும் வாசகருக்கு அந்த நிலவு நீண்டுகொண்டே போகிறது.

நீளம் தன்னளவில் குறையாகுமா? இவ்விடத்தில் இரு நூல்களை ஒப்புநோக்கலாம். ரதன்நாத் தர் ஸர்ஷார் 1878 முதல் லக்னோவின் ‘அவத் அக்பார்’ நாளிதழில் எழுதிய ‘ஃபஸானெ ஆஸாத்’ மூவாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டது. நாள்தோறும் கடைவீதியில் கண்டதையெல்லாம் ஆசிரியர் உள்ளே இட்டு நிரப்பினார். நாளிதழில் அன்றன்று படித்தோருக்கு அது விருந்து. நூலாகச் சேர்ந்தபின் அது காடு. பிரேம்சந்த் பின்னர் அதனைச் சுருக்கி ‘ஆஸாத் கதா’ என இந்தியில் தந்தார். ஒரு பெரும் நாவலாசிரியரே வாசகருக்காகக் கத்தரிக்கோலை எடுக்க வேண்டியிருந்தது.

நஜீப் மஹ்ஃபூஸின் கெய்ரோ முந்நூலும் ஆயிரம் பக்கங்களைத் தாண்டியதே. ஒரே நூலாக அவர் எழுதி முடித்த அதன் பருமன் கண்டு பதிப்பாளர் மலைத்தமையால்தான் 1956, 1957 ஆண்டுகளில் மூன்றாகப் பிரிந்து வெளிவந்தது. எனினும் அதன் தொடக்கத்தை நோக்குங்கள். நள்ளிரவில் ஆமினா என்னும் இல்லத்தரசி எவரும் எழுப்பாமலே பழக்கத்தால் கண்விழித்து, கணவரின் வருகைக்காக மரச்சாளரத்தின் பின்னே காத்து நிற்கிறாள். அவ்வளவே. அவள் ஏன் விழித்திருக்க வேண்டும், வருபவர் எங்கிருந்து வருகிறார் என்னும் வினாக்கள் நம்முள் எழுந்துவிடுகின்றன. அந்த வீட்டின் சட்டதிட்டங்களை ஆசிரியர் பட்டியலிடவில்லை. அவள் விளக்கைப் பிடிக்கும் முறையிலேயே அவற்றை அறிகிறோம். நீளமான நாவலை வாசகர் பொறுப்பார். பொருளின்றிக் காத்திருக்கவே அவர் மறுக்கிறார்.

இவ்வளவு குறைகளுக்கும் மாற்று, உர்தூவிலேயே 1899இல் தோன்றிவிட்டது. மிர்ஸா ஹாதீ ருஸ்வாவின் ‘உம்ராவ் ஜான் அதா’ ஒரு கவியரங்கில் தொடங்குகிறது. அடுத்த வீட்டிலிருந்து ஒரு பெண்ணின் பாராட்டுக்குரல் கேட்கிறது. பின்னர் அப்பெண்ணே தன் கதையைச் சொல்ல, ஆசிரியர் ருஸ்வா கேட்பவராக அமர்கிறார். ஐயம் கேட்கிறார், கிண்டலும் செய்கிறார். அவையைத் துறக்காமல் அதனை நாவலுக்குள்ளேயே அழைத்து வந்து, தாம் மேடையிலிருந்து இறங்கிக் கேட்போர் வரிசையில் அமர்ந்துகொண்டார் அவர். பழைய மரபை எவ்வாறு புதிய வடிவத்துக்கு உரியதாக்குவது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

தமிழில் நிகழ்ந்தது

தமிழிலும் இதே வரலாறு காணக்கிடைக்கிறது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அச்சாயிற்று. கதை ஓரடி எடுத்துவைத்தால் கிளைக்கதை ஒன்றும் நீதியுரை ஒன்றும் குறுக்கே வரும். ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வந்தபோது, சிறுகுளம் கிராமத்தின் வம்புகளும் தமிழ்ப்பண்டிதர் அம்மையப்ப பிள்ளையின் அங்கதமும் உயிர்த்துடிப்போடு விளங்கின. பிற்பகுதி வேதாந்த விளக்கத்துக்குள் புகுந்ததும் பல வாசகர் பின்தங்கிவிட்டனர் என்பது திறனாய்வாளர் நெடுநாளாகக் கூறிவருவது. உபதேசம் எச்சமயத்துக்கு உரியதாயினும் கதையில் அதன் விளைவு ஒன்றே.

இவ்விரண்டுக்கும் இடையில் 1885இல் கொழும்பில் வெளிவந்தது ‘அசன்பேயுடைய கதை’. கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்தி லெப்பை (1838–1898) இதன் ஆசிரியர். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கியவர். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883இல் இலங்கை வந்த உராபி பாஷாவோடு நட்புப் பூண்டவர். இலங்கை முஸ்லிம்களின் கல்விக்காகத் தம்மையே ஈந்தவர். இத்தகைய சீர்திருத்தவாதி ஒருவர், பக்கந்தோறும் கல்வியின் அவசியத்தை முழங்கியிருந்தால் நாம் வியப்படைய மாட்டோம். அவரோ எகிப்தில் பிறந்து, குழவிப் பருவத்தில் கடத்தப்பட்டு, இந்தியா வந்து சேரும் ஒருவனின் பயணத்தைக் கதையாக்கினார். இடங்கள் மாறுகின்றன, இடர்கள் தொடர்கின்றன, கதை ஓடுகிறது. அறிவுரைகள் அதிலும் உண்டு, தற்செயல்களும் மிகுதி. ஆயினும் காணாமற்போன பிள்ளை தன் குடும்பத்தைச் சேருமா என்னும் ஒரு வினாவை ஆசிரியர் கைவிடவில்லை. முழக்கத்தை இதழுக்கும் மேடைக்கும் உரியதாக்கி, கதையைக் கதைக்கு உரியதாக விட்டமை சித்தி லெப்பையின் விவேகம் என்றே நாம் கருதுகிறோம்.

சிறைப்பட்ட வாசகர்

இங்கே ஒரு மறுப்பு எழலாம். மிர்ஆத்துல் அரூஸ் உபதேசம் நிறைந்ததாயினும் பல பதிப்புகள் கண்டதே. வாசகர் அதனைக் கைவிடவில்லையே என்பர். வரலாறு இதற்கும் விடை வைத்திருக்கிறது. 1868இல் வடமேற்கு மாகாண அரசு, பயன்தரும் உர்தூ, இந்தி நூல்களுக்குப் பரிசு அறிவித்தது. நஸீர் அஹ்மதின் நூல் ஆயிரம் ரூபாய் பரிசு பெற்றது, அரசே இரண்டாயிரம் படிகளை வாங்கியது, பாடநூலாகவும் பரிந்துரைத்தது. பெண்மக்களின் கையில் அச்சமின்றிக் கொடுக்கத்தக்க நூல் வேறு இல்லாத காலமும் அது. முவைலிஹீயின் நூலும் 1927இல், கூரிய விமரிசனப் பகுதிகள் சில நீக்கப்பட்டு, எகிப்தியப் பள்ளிப் பாடநூலாயிற்று.

பாடத்திட்டமும் பரிசும் அவையின் இடத்தைப் பிடித்துக்கொண்டன என்பதே இதன் பொருள். அவையில் மரியாதை வாசகரை இருத்தியது. பள்ளியில் தேர்வு இருத்தியது. எழுந்து போக முடியாத வாசகரைக் கொண்டு ஒரு நூலின் ஆற்றலை அளப்பது பொருந்தாது. தேர்வு முடிந்த மறுநாள் அந்நூலை எத்தனை பேர் மீண்டும் எடுத்தனர் என்பதன்றோ அளவுகோல்!

இவ்விடத்தில் நம் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. சமுதாயத்தைச் சீர்திருத்தும் உயர்ந்த நோக்கோடு தமிழ் முஸ்லிம் எழுத்தாளர் பலர் நாவல் எழுதுகின்றனர். வரதட்சணையின் கொடுமை, பெண்கல்வி, வட்டியின் கேடு, பிரிவினையின் இழிவு என்று அவர்கள் எடுத்துக்கொள்ளும் பொருள்கள் இன்றியமையாதவை. நூல் வெளியீட்டு விழா நடக்கிறது, பொன்னாடை போர்த்தப்படுகிறது, செல்வர் ஒருவர் முதற்படி பெறுகிறார், எஞ்சிய படிகள் நூலகங்களுக்கும் மதரஸாக்களுக்கும் அன்பளிப்பாகின்றன. பின்னர் அந்நூலை நூலக அலமாரியில் எடுத்துப் பார்க்கிறோம். முதல் நாற்பது பக்கங்களின் ஓரம் கையழுக்குப் பட்டிருக்கிறது. மற்றவை புதிதாகவே இருக்கின்றன. வரதட்சணையின் துயரம் கதையில் நூற்றிருபதாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது. அந்தப் பக்கத்தை அடைய வேண்டிய மாமியாரும் மருமகளும் அதற்கு முன்பே போய்விட்டனர். விழா மேடையில் இருந்த எவருக்கும் அது தெரியவில்லை.

பாதியில் மூடப்படும் கேளிக்கை நாவலால் நேரும் இழப்பு சிறிது. சீர்திருத்த நாவல் பாதியில் மூடப்படும்போதோ, எவரைத் திருத்த எழுதப்பட்டதோ அவரையே அது இழக்கிறது. ஏற்கெனவே உடன்பாடுள்ளவரே பொறுமையோடு இறுதிவரை படிக்கிறார். அவருக்கு அந்நூல் தேவையில்லை.

வாசகரின் பங்கு

வாசகர் விலகுவது எப்போதும் எழுத்தாளரின் குற்றமாகாது என்பதையும் நடுநிலையோடு கூற வேண்டும். தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்து, 1988இல் நூலாயிற்று. குமரி மாவட்டக் கடற்கரை முஸ்லிம்களின் பேச்சுமொழியும், அரபும் மலையாளமும் கலந்த வழக்குகளும் முதலில் படிப்பவரைத் தடுமாறச் செய்யும். தொடக்கப் பக்கங்களில் புத்தகத்தை மூடியவர்கள் உண்டு. ஆனால் அம்மொழியைக் களைந்துவிட்டால் வடக்குவீட்டு அஹமதுக்கண்ணு முதலாளியின் அதிகாரமும் இல்லை, அவ்வூரின் மூச்சும் இல்லை. அங்கே கடினம் வாழ்க்கையிலிருந்து வந்தது, அலங்காரத்துக்காகப் பூசப்பட்டதன்று. சற்றுப் பொறுத்து உட்சென்றவருக்கு அது இருமடங்காகத் திருப்பித் தருகிறது.

ஆகவே, எளிதாக எழுதுங்கள் என்று எழுத்தாளருக்கு நாம் கட்டளையிட முன்வரவில்லை. வாசகரிடம் உழைப்பைக் கேட்பது வேறு. அவர் பொறுமையை வீணாக்குவது வேறு. முன்னது அவரை மதிப்பதால் வருவது. பின்னது, அவர் தாமாகப் புரிந்துகொள்ளார் என்னும் ஐயத்தால் வருவது. நாம் கண்ட பழக்கங்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் இவ்வுண்மை தெளிவாகும். நீதியைச் சொல்லாவிடில் வாசகர் தவறிவிடுவார் என்றே நஸீர் அஹ்மத் விளக்கினார். குறுக்கிட்டுக் கேட்காவிடில் வாசகர் உறங்கிவிடுவார் என்றே மித்ஹத் எஃபெந்தி விளித்தார். செய்தியைச் சேர்க்காவிடில் கதைக்குப் பயனில்லை என்றே ஸைதான் நிரப்பினார். மூவரும் நல்லெண்ணம் கொண்டவர்கள். தம் மொழிக்குப் பெருந்தொண்டாற்றியவர்கள். அவர்கள் கட்டிய பாதையிலன்றி ருஸ்வாவும் மஹ்ஃபூஸும் நடந்திருக்க முடியாது. முன்னோடிகளுக்கு உரிய அச்சலுகை, ஒரு நூற்றாண்டுக்கும் மேலான நாவல் மரபைக் கையில் வைத்திருக்கும் நமக்குப் பொருந்தாது.

கையெழுத்துப் படியை அச்சகத்துக்கு அனுப்புமுன், நமக்குக் கடமைப்படாத ஒருவரிடம், நம் சொந்தபந்தமும் மாணவரும் அல்லாத ஒருவரிடம், அதனைக் கொடுத்து, எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர் என்று கேட்பது ஒரு வழி. நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் மரியாதை விடை கூறும். எந்தப் பக்கம் என்று கேட்டால் உண்மை வெளிப்படும். காப்பிக் கடைத் திண்ணையில் கதை சொன்னவர் கேட்போரின் முகத்தில் கண்டதை நாம் இவ்வாறுதான் காண முடியும்.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடம் நாள்தோறும் உபதேசியுங்கள் என்று கேட்டவர் ஆர்வலர். அவரைப் போன்றோருக்காக மட்டும் பேசியிருந்தால் அவர்கள் நாள்தோறும் பேசியிருக்கலாம். அந்த அவையில் வாய் திறவாது அமர்ந்திருந்த மற்றவர்களையும் எண்ணியே வியாழக்கிழமையோடு நிறுத்திக்கொண்டார்கள். நம் நாவலாசிரியர்களும் அந்த மற்றவர்களுக்காகவே எழுதுகின்றனர் என்பதை மறவாதிருத்தல் நலம்.